நீலத்தோடு நீலம்

நீலக் கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? மழைமேக நிறத்தில் இருக்கும். அதை வைத்துத்தான் அண்ணனைப் பழிவாங்கினேன்.

அப்பா இறந்த மாதமே அண்ணன் என்னை எங்கள் கோழிப் பண்ணையிலிருந்து துரத்தினார். எந்தச் சேவலுக்கு எந்தப் பெட்டை, குஞ்சுகள் என்ன நிறம் என்று நான் ஆறு வருஷம் எழுதிய நோட்டை அடுப்பில் போட்டார்.

"கோழிக்கு ஜாதகம் எழுதுறவனுக்கு இங்க என்னடா வேலை?"

அண்ணி சிரித்தார்.

எங்கோ தள்ளி ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கியிருந்த அறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது.

அடுத்த வருஷம் அண்ணன் போன் செய்தார். ஒரு பறவைப் பூங்கா முதலாளி இருநூறு நீலக் குஞ்சு கேட்டிருக்கிறாராம். ஒன்றுகூட வேறு நிறம் கூடாதாம். ஒரு வருஷம் கெடு.

"நீலத்தோட நீலத்தத்தான்டா சேத்தேன். பாதிதான் நீலம். மிச்சம் கருப்பும் அழுக்கு வெள்ளையுமா பொரியுது. ரத்தம் கெட்டுப்போச்சா?"

"ஆமாண்ணே. கருப்பு, வெள்ளையக் கழிச்சுக் கட்டுங்க. நீலத்தையே திரும்பத் திரும்பச் சேருங்க. போகப்போகச் சுத்தமாயிடும்."

பச்சைப் பொய். ஒரு பக்கத்திலிருந்து கருப்பும் மறுபக்கத்திலிருந்து வெள்ளையும் வந்து, ஒன்றை ஒன்று அடக்க முடியாமல் நிற்பதுதான் நீலம். நீலத்தோடு நீலம் சேர்ந்தால் பத்துத் தலைமுறை ஆனாலும் பிரிந்துகொண்டேதான் இருக்கும்.

அண்ணன் கழித்த குஞ்சுகளை வாங்கும் வியாபாரியைப் பிடித்தேன். கருப்புச் சேவல், வெள்ளைப் பெட்டை என்று பொறுக்கி வளர்த்துச் சேர்த்தேன். பொரிந்த அத்தனையும் நீலம். பூங்கா முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"முழு நீலம் யாரு தர்றாங்களோ, அவங்ககிட்டதான் வண்டி வரும்" என்றார்.

கெடுவுக்கு முந்தின நாள் அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி, இப்பவும் பாதிதான்டா. இத நம்பிப் பண்ணையையே அடமானம் வச்சுட்டேன்."

"நீங்க கழிச்சீங்களே கருப்பும் வெள்ளையும், அது ரெண்டையும் சேத்திருக்கணும்ணே. எல்லாமே நீலமா பொரியும்."

அண்ணன் கத்தினார்.

"பாவி! அப்பவே சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பீங்களா?"

நான் போனை வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பூங்கா வண்டி என் கொட்டகைக்கு வந்தது. இருநூறு குஞ்சுகளை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.