முகம் பார்க்கும் அறை

செத்த பிறகும் ஒரு மனுஷனால் இப்படி உயிரை வாங்க முடியுமா என்று டெய்லரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவள் கடையில் யாருடைய கோட்டையோ பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். "அவசரத்துக்குக் கூப்பிட உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்காரு" என்றது ஒரு குரல். ஆள் போய்ச் சேர்ந்த பிறகு என்னடா அவசரம்! விவாகரத்து ஆகி இத்தனை வருஷம் கழித்தும் அவனுக்கு இந்த உலகத்தில் வேறு நம்பரே கிடைக்கவில்லையா? கடையைச் சாத்திவிட்டு ஓடினாள். அங்கே போனால், உடம்பை, சடங்கு எதுவுமில்லாமல் எரிக்கும் ஒரு தகன நிலையத்துக்கு அனுப்பியாகிவிட்டது, எல்லாம் அவரே முன்கூட்டிச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டதுதான் என்றார்கள். ஆக, முன்பின் தெரியாத யாரிடமோ வாயைத் திறந்து சொல்லியிருக்கிறான்!

அவர்கள் இருவரும் பிரிந்ததற்கு ஊர் என்னென்னவோ காரணம் கற்பித்தது. குடியா, வேறு பெண்ணா என்று நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. ஒரு மண்ணும் இல்லை. அவன் எதையும் சொல்ல மாட்டான், அவ்வளவுதான். வேலை போனதைக்கூடச் சொல்லாமல், மாதக்கணக்கில் தினமும் காலையில் தலைசீவி, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்பி வந்த மகானுபாவன் அவன். விடிவதற்குள் எழுந்து அந்த டப்பாவை நிரப்பிக் கொடுத்தவள் அவள். தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வேலை போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஆன பிறகு, ஒரு நாள் கடைக்கு வாடிக்கையாளனாக வந்து நின்றான். பேண்ட்டை இடுப்பில் பிடிக்க வேண்டுமாம்.

"ஏன், ஊர்ல வேற டெய்லரே இல்லையா?"

"மத்தவங்க தைச்சா ஒரு பக்கமா இழுக்குது" என்றான்.

அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்து, குண்டூசி குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்து அனுப்பினாள். அதன் பிறகு வந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் இடுப்பு குறைந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. அந்தப் பெரிய மீசையும் ஒரு நாள் காணாமல் போயிற்று. உடம்புக்கு என்ன என்று கேட்டால், "தினமும் நடக்கிறேன், அதான் இளைச்சிருக்கு" என்பான். டப்பாவோடு பூங்காவுக்குப் போனவன் எங்கே திருந்தப் போகிறான்! கடைசியாகக் கொடுத்த சாம்பல் நிறப் பேண்ட் தைத்து முடித்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிப்போக அவன் வரவில்லை. உடுத்த ஏதாவது துணி கொண்டுவாருங்கள் என்று தகன நிலையத்தில் கேட்டபோது, அதைத்தான் மடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தகன நிலையத்தின் அலுவலகம் டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு டிஷ்யூப் பெட்டி, மூலையில் தண்ணீரே கேட்காத ஒரு பிளாஸ்டிக் செடி. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணின் சட்டையில் 'ஆறுதல் பிரிவு' என்று பட்டை குத்தியிருந்தது. ஆறுதலுக்குக்கூட ஒரு பிரிவா என்று டெய்லரம்மா நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் விவரம் சொன்னாள். கூட்டம், பேச்சு, பாட்டு எதுவும் கிடையாது. ஒரு அட்டைப் பெட்டி. அதை மூடுவதற்கு முன் குடும்பத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து, ஆமாம், இவர்தான் என்று சொல்ல வேண்டும். அப்புறம் பத்து நிமிஷம் கூட இருக்கலாம். அவ்வளவுதான்.

"ஆனா ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்துப் போடணும்மா. நீங்க வந்து... முன்னாள்..." என்று இழுத்தாள்.

"என்னம்மா, முன்னாள் மந்திரி மாதிரி சொல்ற?" என்றாள் டெய்லரம்மா. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சரி, ரத்த சொந்தம்தானே என்று நாத்தனாருக்கு அவளே போன் போட்டாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

மறுநாள் காலையில் நாத்தனார் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அதாவது செத்தவனுக்கு அக்காவும், கடைசித் தம்பியும். கொழுந்தன் டெய்லரம்மாவைப் பார்த்ததும், "வாங்கண்ணி" என்று, ஏதோ அது அவன் வீடு போல வரவேற்றுவிட்டு, அக்கா முறைத்ததும் கப்பென்று வாயை மூடிக்கொண்டான். நாத்தனார் நேராக மேசைக்குப் போனாள்.

"அட்டைப் பெட்டியா? என் தம்பியை அட்டைப் பெட்டியில வச்சு அனுப்புவீங்களா? மிக்ஸி வந்த பெட்டி மாதிரி?"

"அவரேதான் இப்படி வேணும்னு..."

"அவனுக்கு என்ன தெரியும்! அவன் எப்பவுமே பாவம், வாயில்லாப் பூச்சி." சொல்லிவிட்டுத் திரும்பி டெய்லரம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ எதுக்கு இங்க நிக்கிறா? வாழற காலத்துல விட்டுட்டுப் போனவளுக்கு இப்ப என்ன வேடிக்கை? முகம் பார்க்க நாங்க ரெண்டு பேர் போதும். இவ உள்ள வரக் கூடாது."

"அக்கா, நான்தானே உங்களைக் கூப்பிட்டேன்" என்றாள் டெய்லரம்மா.

"அதுக்கு? தபால்காரர் கூடத்தான் சேதி கொண்டுவராரு. அவரையும் உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கணுமா?"

டெய்லரம்மா கொதித்துப்போனாள். ஆறுதல் பிரிவுப் பெண்ணைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டவர் சொல்வதுதான் விதி என்று அவள் கையைப் பிசைந்தாள். குடும்பத்தார் இருவரும் உள்ளே போனார்கள். வெளியே நடையில் ஒரு பெஞ்சில் டெய்லரம்மா உட்கார்த்திவைக்கப்பட்டாள். கையில் தண்ணீர்க் குவளை ஒன்றும் திணிக்கப்பட்டது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும். கதவுக்கும் அவளுக்கும் நடுவே எட்டு அடி தூரம் இருந்தால் அதிகம். அந்த எட்டடியைத் தாண்ட அவளுக்கு உரிமை இல்லையாம்.

உள்ளேயிருந்து நாத்தனாரின் அலறல் கேட்டது. அழுகை என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள்.

"இது என் தம்பி இல்ல! ஆளை மாத்திட்டாங்க! ஐயோ, யாரோ கிழவனைக் கொண்டுவந்து வச்சிருக்காங்க!"

அலுவலகமே ஆடிப்போயிற்று. மேற்பார்வையாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிஸ்கட்டோடு ஓடிவந்தார். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய இடி வேறு கிடையாது. "எல்லாத்தையும் நிறுத்துங்க! ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க! நேத்து வந்த இன்னொரு பெட்டி எங்க?" என்று கத்தினார். கொழுந்தனைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அவன் குனிந்து பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான், திருதிருவென்று விழித்தான்.

"அண்ணன் நல்லா வாட்டசாட்டமா இருப்பாரு சார். மீசை இருக்கும். இவரு... தெரியல சார்."

டெய்லரம்மா குவளையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குறுக்கே நின்ற மேற்பார்வையாளர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அவன்தான். பார்க்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பொய்ப்பல்லைக் கழற்றியிருந்ததால் வாய் உள்ளே போயிருந்தது, முடி கொட்டியிருந்தது, கழுத்து குச்சியாக இருந்தது. ஆனாலும் அவன்தான். இந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இப்படி ஆனதை அவள் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்துப் பார்த்திருக்கிறாள்.

"இவருதான்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று சீறினாள் நாத்தனார். "என் கூடப் பிறந்தவனை எனக்குத் தெரியாதா? அவன் இடுப்பு என்ன, இந்த ஆளோட இடுப்பு என்ன!"

"இடுப்பைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க!" டெய்லரம்மாவின் குரலில் அறைக் கண்ணாடியே அதிர்ந்தது. "இந்த இடுப்பை நான் அளந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் பேண்ட்டைப் பிடிக்கக் கொண்டுவருவாரு. நீங்க சொல்ற அந்த வாட்டசாட்டமான ஆளு கரைஞ்சு கரைஞ்சு இப்படி ஆனதை நான் நாடாவுல பார்த்தேன். சார், அந்தப் பேண்ட்டைப் பின்பக்கம் மடிச்சுப் பாருங்க. பழைய தையல் பிரிச்ச தடம் வரிசையா இருக்கும். எல்லாம் என் கை." மூச்சு வாங்க நிறுத்தினாள். "கடைசியா எப்ப பார்த்தீங்க இவரை? சொல்லுங்க. ரத்த சொந்தமாச்சே, சொல்லுங்க."

மேற்பார்வையாளர் பேண்ட்டின் இடுப்பை மெல்லத் திருப்பிப் பார்த்தார். தடம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தும் போனில் உறுதி செய்தார்கள்.

"போன்ல பேசுவான்" என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "வாராவாரம் பேசுவான். நல்லா இருக்கேன்க்கா, கொஞ்சம் வேலை அதிகம், அப்புறம் வரேன்னுதான் சொல்வான். நான் நம்பினேன். நம்பாம என்ன பண்ணுவேன்?" சொல்லிக்கொண்டே சுவரோரம் சரிந்தாள். கொழுந்தன் பிடித்துக்கொண்டான்.

இவர்களுக்கும் அதே கதைதானா? டெய்லரம்மாவுக்கு நாத்தனார் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்றாள். எல்லோரும் போனார்கள். நாத்தனாரும்தான்.

கதவு சாத்தப்பட்டதும் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏய்யா, உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? நடக்கிறேன், இளைக்கிறேன்னு எவ்வளவு கூசாம சொன்ன! நான் என்ன, உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? பக்கத்துல உட்கார ஒரு ஆள் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா? திட்டிக்கிட்டேதான் வந்திருப்பேன், ஆனா வந்திருப்பேன். உனக்குத் தெரியாதா அது? தெரியும். தெரிஞ்சுதான் கடைக்கு வந்த. வந்தும் வாயைத் திறக்கல. பேண்ட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா நானே கண்டுபிடிச்சுக்கணுமா?"

சொல்லச் சொல்ல அவள் கை தானாகப் போய் அவன் இடுப்பருகே துணியைப் பிடித்துப் பார்த்தது. கடைசி அளவுக்குக் கச்சிதமாகத் தைத்த பேண்ட், இப்போது அதுவும் தொளதொளவென்று இருந்தது. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள். இன்னும் இவ்வளவு பிடிக்க வேண்டியிருக்கும். அளவெடுத்த பிறகும் இளைத்திருக்கிறான், ஆஸ்பத்திரிக் கட்டிலில், யாரும் பக்கத்தில் இல்லாமல். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. துணியை விடாமல் பிடித்துக்கொண்டே அழுதாள். கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது அப்படியேதான் இருந்தது.

அவள் வெளியே வந்ததும் பெட்டியை மூடி எடுத்துப்போனார்கள். கூடத்தில் நாத்தனாருக்குப் பக்கத்தில் ஆறுதல் பிரிவுப் பெண் உட்கார்ந்திருந்தாள். டிஷ்யூவை எடுத்துக் கொடுத்து, கையைத் தடவி, மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தாள். குடும்பத்தாரை இங்கே அப்படியே விட்டுவிட மாட்டார்களாம். அடிக்கடி போன் செய்து விசாரிப்பார்களாம். தூக்கம் வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், சும்மா பேச வேண்டும் போலிருந்தால்கூடக் கூப்பிடலாமாம். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினாள். கொழுந்தன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள்.

டெய்லரம்மா வாசலை நோக்கி நடந்தாள். அந்தப் பெண் எழுந்து வந்து, கற்றுக்கொடுத்த பணிவோடு தலையைச் சாய்த்தாள்.

"அடையாளம் காட்டி உதவினதுக்கு ரொம்ப நன்றிம்மா. பத்திரமாப் போயிட்டு வாங்க."

டெய்லரம்மா நின்றாள்.

"உதவியா? நான் என்ன ரோட்டுல போறவளா, உதவி பண்ணிட்டுப் போக? எனக்குப் புருஷன் செத்துப்போயிட்டான்ம்மா. என்னையும் கூப்பிடு."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் நாத்தனாரின் வாயையே பார்த்தார்கள். அவள் தன் மறுபக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "கூப்பிடறேன்மா. கண்டிப்பா கூப்பிடறேன். எந்த நேரத்துல பேசினா உங்களுக்கு வசதி?"

"எப்ப வேணாலும் பேசு" என்றபடி டெய்லரம்மா அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "ஆனா ஆறுதல் கீறுதல் சொல்லாத. நான் அந்த ஆளைத் திட்டுவேன். நீ கேட்டுக்கிட்டு இரு, போதும்."