மீதிப் பதினொன்று

மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வந்து சேர்ந்தபோது, மில்லிகிராம் என்று பேர் வாங்கியவள் இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டு, இருநூறு கிராம் பித்தளைக் கல் ஒன்றை இடுக்கியால் தூக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர்களின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை போடும் கூடம் அது. தூசி துரும்பைக்கூட விட்டுவைக்காதவள் என்பதால் அங்கே அவளுக்கு அந்தப் பெயர். மூச்சுக்காற்று பட்டால் தராசு முள் ஆடும் என்று பயந்து, வேலை நேரத்தில் மொத்தம் நாலே தடவைதான் மூச்சுவிடுவாள் என்றொரு பேச்சு உண்டு. அதில் பொய் இருந்தால் கால்பங்குதான் இருக்கும்.

கல்லை இறக்கிவைத்தாள். கையுறையைக் கழற்றினாள். கைபேசியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். மதிப்பெண் அசையவில்லை.

கணக்கில் நாற்பது கேள்வி. இருபத்தொன்பதுக்கு விடை எழுதியிருந்தாள், இருபத்தொன்பதும் சரி. மீதிப் பதினொன்றின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் சேர ஆசைப்பட்ட, எடை அளவுகளைப் பற்றிய அளவையியல் துறைக்குள் போகிறவர்கள் வழக்கமாக முப்பத்தாறு வாங்குகிறவர்கள்.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தக் கல்லையும் மூன்று முறை வைத்து, மூன்று முறை குறித்த பிறகே முத்திரை என்பது கூடத்தின் விதி. ஆறு வருடமாக அதைச் செய்து செய்து, தேர்விலும் ஒவ்வொரு கணக்கையும் மூன்று முறை போட்டுவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். ஆள் நின்றால் ஜன்னல் மறையும். பீரோ அண்ணன் என்று பெயர்.

"என்ன மில்லி இது? பாதிச் சாப்பாட்ட மூணு மூணு தடவை மென்னுட்டு, மீதிய இலையோட விட்டுட்டு வந்திருக்கே!"

"சிரிக்காதீங்க அண்ணே. வெள்ளிக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. இந்த மதிப்பெண்ணோடு அனுப்பலாம். ஆனால் அந்தத் துறை ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், இரண்டு வருடத்துக்கு அவள் பெயரைத் திரும்பிப் பார்க்காது. அடுத்த மாதம் மறுபடி எழுதலாம். அது அடுத்த வருடச் சேர்க்கைக்குத்தான் உதவும்.

அப்பாவுக்கு இதில் குழப்பமே இல்லை. அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தொண்டையை வாங்க முடியவில்லை. மகள் படிக்கப் போகிற செய்தி அந்தத் தெருவில் இன்னும் பிறக்காத குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பெட்டியும் வாங்கியாயிற்று. அதற்குள் ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்.

"அனுப்பிடும்மா," என்றார் அன்று சாயங்காலம். "அங்க உக்காந்திருக்கறவனும் மனுஷன்தானே? 'அடடா, எழுதினது அத்தனையும் சரி'ன்னு எடுத்துப்பான்."

"முப்பத்தாறு வாங்கினவங்க வரிசையில நிக்கறப்ப என்னை எதுக்குப்பா எடுக்கணும்?"

"அப்ப மறுபடி எழுதப் போறியா?"

"அப்படித்தான் நினைக்கறேன்."

"மறுபடியும் மூணு தடவைதானே பார்ப்பே?"

அப்பா கேலிக்காகக் கேட்கவில்லை. அதனால்தான் அது தைத்தது.

மறுநாள் பீரோ அண்ணனிடம் அப்பா கேட்டதைச் சொன்னாள். வியாழக்கிழமை மதிய இடைவேளையில், அவன் பழைய புத்தகத்திலிருந்து நாற்பது கேள்விகளோடும் ஓர் அட்டையோடும் வந்து உட்கார்ந்தான். தேர்வுக்குக் கொடுத்த அதே நேரம். அவள் ஒரு விடை எழுதியதும் அதன்மேல் அட்டையை நகர்த்தி மூடினான்.

மூன்றாவது கேள்வியிலேயே அவள் கை அட்டையைப் பிடித்தது.

"கைய எடு."

"ஒரே ஒரு தடவை அண்ணே."

"எடுங்கறேன்ல! இது என்ன, முத்திரை போடற கல்லா?"

பத்தாவது கேள்விக்குள் அவளுக்கு வியர்த்த வியர்வையில் கூடத்தையே கழுவிவிட்டிருக்கலாம். இருபதாவதில் அட்டையின் ஓரம் கிழிந்தது. நாற்பதையும் முடித்தபோது இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. அண்ணன் திருத்தினான். முப்பத்திமூன்று சரி, ஏழு தப்பு.

"ஏழெட்டு ஐம்பத்திநாலுன்னு எழுதியிருக்கேன்!" என்று அலறினாள். "எனக்கு வாய்ப்பாடு தெரியாதா?"

"நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் தப்பு பண்ணியிருக்கே. அப்படியும் போன தடவைய விட நாலு ஜாஸ்தி."

அந்த ஏழும் அவளுக்கு நகக்கண்ணில் ஏறிய ஊசிகளாக இருந்தன. ஆனாலும் எண்ணிப் பார்த்தாள். இன்னும் மூன்றுதான் வேண்டும். ஒரு மாதத்தில் முடியும், நாளைக்குள் முடியாது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டாள். "நாளைக்கு அனுப்பலப்பா. மறுபடி எழுதறேன். அடுத்த வருஷம்தான்."

"தெருவுக்கு என்னம்மா பதில் சொல்றது?"

"அறிவிச்சவர் நீங்க. நீங்களே சொல்லுங்க."

அப்பா பெட்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு வாசலுக்குப் போய்த் தொண்டையைக் கனைத்து, தவிர்க்க முடியாத காரணங்களால் மகளின் படிப்பு ஓராண்டு தாமதமாகப் புறப்படும் என்று தெருமுனைக்குக் கேட்கும்படி சொன்னார். ஏமாற்றத்தோடுதான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரலில் பழைய உத்தியோகக் குஷி வந்துவிட்டது.

அதற்குள் அவள் கைபேசியில் மறுதேர்வுக்குப் பதிவுசெய்ய உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில், விவரங்களை மீண்டும் சரிபார்க்கவும் என்று சிவப்பில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பார்க்காமலே அழுத்தினாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, கைபேசியில் வந்திருந்த தேர்வுச் சீட்டைப் படித்தார்.

"என்னம்மா, காலைல ஏழு மணின்னு போட்டிருக்கு?"

"சரிப்பா, போயிடலாம்."

"போகலாம். ஆனா வெளியூர் மையம். பஸ்ஸுல மூணு மணி நேரம்."

அவள் கைபேசியை வாங்கிச் சீட்டைப் பார்த்தாள். மாற்ற இயலாது என்று கீழே கொட்டை எழுத்தில் இருந்தது.

"இதையாவது ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

"பார்த்திருக்கலாம்," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "ரெண்டே முக்காலுக்கு எழுப்பிவிடுங்கப்பா."