அனுமதி பெறாத தமிழ்

“நான் பூட்டினது கம்பியூட்டர்ல ஓடுற புரோகிராம்கள மட்டுந்தான் ராத்தா, மனுசர்ட வாய—”

“அப்ப எங்கட தமிழ் எங்க பெய்த்து? உள்ளுக்கு வாயத் தொறந்தா காத்துத்தானே வருது!”

கண்டியில், தோட்ட வீடுகளுக்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதும் அந்த அலுவலகத்துக்குள் மூன்று வாரமாகத் தமிழ் ஒலிக்கவில்லை. அதனால்தான் கடிதப் பிரிவு ரபீகாவும், அவளை அக்கா முறையில் ராத்தா என்றழைக்கும் கணினிப் பொறுப்பாளர் அர்கமும் வாசற்படியில், தூறலில் நின்று சண்டைபிடித்தார்கள். யாரோ இணையத்திலிருந்து இறக்கிய விளையாட்டோடு வைரஸ் புகுந்த பிறகு, தான் அனுமதித்தவை தவிர வேறெந்தச் செயலியும் ஓடாதபடி அர்கம் செய்திருந்தான். தமிழ்த் தட்டச்சுச் செயலிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அது ரபீகா யாரிடமும் சொல்லாமல் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டது. அன்றிலிருந்து உள்ளே சிங்களம் கேட்டது, ஆங்கிலம் கேட்டது. தமிழ் பேசியவர்களுக்கு உதடு மட்டும் அசைந்தது. சீனி போடாத தேநீரைக்கூடச் சைகையால் கேட்கப் பழகிவிட்டார்கள்.

பன்வில தோட்டத்திலிருந்து வரும், தமிழ் மட்டுமே தெரிந்த இரத்தினம்மாவுக்குத்தான் சைகை போதவில்லை. வீட்டின் நாலு எல்லைகளையும் வீட்டுக்காரரே அதிகாரியின் முன்னால் வாய்விட்டுச் சொன்னால்தான் அங்கே உறுதி எழுதுவார்கள். அதிகாரி மேசையை விட்டு எழும்பி வாசலுக்கு வருவது வழக்கமில்லை. பஸ் ஏறி ஏறி வந்து வாயசைத்துவிட்டுப் போனாள். இன்று கடைசி நாள்; காலையிலேயே வந்து அதிகாரியின் முன்னால் நின்றிருந்தாள். இன்றும் தவறினால் அவள் இருக்கும் வீடு வேறொருவர் பெயருக்குப் போகும்.

“ஆர் போட்டதெண்டு தெரியாத புரோகிராம நான் எப்பிடி விடுற?”

“நான்தான் போட்டன், போதுமா? இனி உள்ளுக்குப் பெய்த்து பெத்த தாய ‘உம்மா’ எண்டு ஒருக்கா கூப்பிட்டுக் காட்டுங்க பாப்பம்.”

அர்கம் உள்ளே போனான். அலுவலகத்தில் அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம், ஆகவே இத்தனை நாளும் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உம்மா என்றான். சத்தம் வரவில்லை. செருமிவிட்டு மறுபடி சொன்னான். பிறகு கதிரையில் உட்கார்ந்து செயலிக்கு அனுமதி கொடுத்தான்.

உள்ளே அடைபட்டுக் கிடந்த மூன்று வாரத் தமிழும் பேசிய ஒழுங்கிலேயே வெளியே வந்தது: வணக்கங்கள், ஸலாம்கள், வசவுகள், கடைசியில் அர்கமின் இரண்டு உம்மாக்கள். நடுநடுவே, அவள் வந்த தடவைக்கொன்றாக, இரத்தினம்மாவின் குரல்: “கெழக்கால பலாமரம், மேற்கால ஓடை, வடக்கால ராஜலிங்கம் வூட்டு வேலி, தெக்கால கோயிலுக்குப் போற பாத.” அதிகாரி உறுதியில் ஒரு தடவைதான் எழுதினார்.

இப்போதும் மழைநாளில் அலுவலக அலுமாரியைத் திறந்தால், மிஞ்சிக் கிடந்த ஒரு ‘வாங்க’வோ வசவோ வெளியே வரும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வருடத்துக்கொரு தடவை இரத்தினம்மா கிழக்கு எல்லை மரத்துப் பழத்தைச் சாக்கில் தூக்கிவந்து, அர்கமின் மேசையில் வைத்து, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள்:

“இத உள்ள விட ஒங்க கம்பியூட்டரு சம்மதிக்குமா, தம்பி?”