இரண்டு பூட்டும் ஒரு காரும்

அந்த ஷெட்டுக்கு இரண்டு பூட்டுகள். மேல் பூட்டின் சாவி எக்ஸ்ரேக்காரரிடம் இருந்தது; கீழ்ப் பூட்டின் சாவி அவருடைய மைத்துனனிடம். ஒருவர் வராமல் மற்றவர் காரைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஐந்து ஆண்டுகளுக்கு முன் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டுக் கார் வாங்கிய அன்றே மைத்துனன் செய்த ஏற்பாடு அது.

மைத்துனன் காப்பீட்டு முகவர். எதைப் பேசினாலும் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்று முடிப்பான் என்பதால், உறவினர்கள் அவனுக்குச் ‘சதவீதம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய அந்தச் சாம்பல் நிற இரண்டு கதவுக் காரை அவன் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தான். ஓட்டி வந்தால் கிலோமீட்டர் கூடிவிடுமாம். கூடும் ஒவ்வொரு கிலோமீட்டரும், விற்கும்போது விலையில் ஒரு கீறலாம்.

ஆகவே எக்ஸ்ரேக்காரர் தம் சொந்தக் காரை ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. ஞாயிறுதோறும் இருவரும் போவார்கள். இரண்டு பூட்டுகளையும் திறப்பார்கள். உறையை விலக்கி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடமும் எக்ஸ்ரேக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரிலிருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மைத்துனன் மீட்டரைப் பார்த்து நோட்டில் 61,408 என்று எழுதுவான். அடுத்த ஞாயிறும் 61,408.

“நின்ன இடத்துல நிக்கிற வண்டிக்கு வாராவாரம் என்னத்தடா எழுதுற?” என்று ஒருமுறை எக்ஸ்ரேக்காரரின் மனைவியான அவன் அக்காவே கேட்டாள். “ரெண்டு பேரும் போயி அதுக்கு மூச்சு இருக்கான்னு பாத்துட்டு வர்றீங்க. அவ்வளவுதானே!”

இப்போது அதை நினைத்தால் எக்ஸ்ரேக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வெள்ளிக்கிழமையோடு அவருடைய ஓட்டுநர் உரிமம் முடிகிறது. கண் மருத்துவர் ஒளித்து மறைக்காமல் சொல்லிவிட்டார்: பகலில், பழகிய தெருவில் இப்போதைக்கு ஓட்டலாம், ஆனால் இடது கண்ணின் ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டு வருவதால், புதுப்பிப்புக்குத் தம்மால் கையெழுத்திட முடியாது. வெள்ளிக்குப் பிறகு அந்தக் கார் அவருக்கு வெறும் நாற்காலிதான்.

“ரவுண்டானா வரைக்கும் போயிட்டு வந்துர்றேன், மாப்ள. மொத்தமே ஆறு கிலோமீட்டர்” என்று போன ஞாயிறு அவர் வாய்விட்டே கேட்டார்.

“அத்தான், புதன்கிழமை மதிப்பு போடுறவங்க வர்றாங்க. இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாச்சு. கடைசி நேரத்துல ஆறு கிலோமீட்டர்ங்கிறீங்க!”

“அதுல உக்காந்து போறதுக்குத்தானேடா கார்?”

“அதுக்கு பஸ் இருக்கு.”

புதன்கிழமை காலை மதிப்பீட்டாளர் வந்தார். நீல மேலாடை அணிந்த, நடுத்தர வயதுப் பெண்மணி. கையில் டார்ச்சும் ஒரு திருப்புளியும். மைத்துனன் வாயெல்லாம் பல்லாக நோட்டை நீட்டினான். அவர் அதை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார்; எல்லாப் பக்கங்களிலும் ஒரே எண்ணைக் கண்டதும் திருப்பிக் கொடுத்தார். பின்பு தரையில் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தார்.

சற்று நேரத்தில் உள்ளிருந்து கேட்டார்: “வண்டியை எப்படி வச்சிருந்தீங்க?”

“கண்ணுக்குள்ள வச்சு” என்றான் மைத்துனன். “வாரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுவோம். ஒரு அடி நகத்த மாட்டோம்.”

‘பொதுக்’ என்று ஒரு சத்தம். திருப்புளி சைலன்சருக்குள் பிடிவரை இறங்கிவிட்டது. துருத்தூள் சிவப்பாகக் கொட்டியது.

“அதான் இப்படி ஆயிருக்கு” என்று தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார் அவர். “பத்து நிமிஷத்துல சைலன்சர் முழுசா சூடாகாது. புகையில இருக்கிற தண்ணி உள்ளேயே தங்கிரும். அஞ்சு வருஷமா வாராவாரம் நீங்களே தண்ணி ஊத்தி வளத்திருக்கீங்க. டயரும் தரையில பட்ட பக்கம் தட்டையாகிப் போச்சு. சரி, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க.”

“ஓட்டணுமா? ஓட்டாம பாக்க முடியாதுங்களா?”

“பாடாம நிக்கிறவருக்கு மார்க் போடச் சொல்றீங்க!”

மைத்துனன் கார்க் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். அவர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். “ஓட்டிப் பழக்கிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் என்கிட்ட விலை கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

ஷெட்டில் இருவரும் எஞ்சினார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் மருத்துவமனையில் பிறருடைய உடம்புக்குள் பார்த்தவர், தம் காருக்குள் துரு தின்பதைப் பாராமல் போனதை எண்ணி, கொட்டிக் கிடந்த துருத்தூளைச் செருப்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மைத்துனனோ அதற்குள் கைப்பேசியைத் தடவத் தொடங்கியிருந்தான்.

“அசல் சைலன்சர் வெளிநாட்டுல ஒருத்தர்கிட்ட இருக்காம் அத்தான். வந்து சேர மூணு மாசம். அதுவரைக்கும் ஸ்டார்ட்டும் வேண்டாம். மூடி வைப்போம். உங்க பூட்டை எடுங்க.”

எக்ஸ்ரேக்காரர் தம் பூட்டை எடுத்தார். பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என்ன அத்தான்?”

“என் பூட்டைப் போட மாட்டேன். இன்னிக்கு புதன். வெள்ளிக்கு அப்புறம் நான் எந்த வண்டியும் ஓட்ட முடியாதுடா.”

“என்ன சொல்றீங்க?”

“கண்ணு. உங்க அக்காவுக்குக்கூட நேத்துதான் சொன்னேன்.” அவர் கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஓட்டை விழுந்த சைலன்சர் தகரக் கூரையே அதிரும்படி உறுமியது. மைத்துனன் ஓடிவந்து பானெட்டின் மேல் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

“ஏறு. இல்லாட்டி விலகு!”

ஒரு கணம் நின்றவன், முனகிக்கொண்டே ஏறினான். துருவில் இறுகிக் கிடந்த பிரேக் ‘மடக்’கென்று விட்டது. கார் வெளியே வந்தது.

தட்டையான டயர்கள் தடக் தடக்கென்று குதித்தன. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எக்ஸ்ரேக்காரர் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றினார். குச்சி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. இதை இத்தனை நாள் எனக்குத் தராமல் வைத்திருந்தாயே என்று பக்கத்தில் இருந்தவனைத் திட்ட வாயெடுத்தார். அவனோ தெருவைப் பார்க்கவே இல்லை. மீட்டருக்கு மேல் குனிந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தான்.

ரவுண்டானாவை நெருங்கும்போது கத்தினான்: “அத்தான்! நகரல!”

“எது?”

“மீட்டர்! மூணு கிலோமீட்டர் வந்துட்டோம். அதே அறுபத்தொண்ணு நானூத்தியெட்டு! கேபிள் அறுந்திருக்கு போல. ஒரு நஷ்டமும் இல்ல!” குழந்தையைப் போல் கைதட்டினான்.

எக்ஸ்ரேக்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். ஐந்து ஆண்டுகள். இருநூற்று அறுபது ஞாயிறுகள். அத்தனை ஞாயிறும் இந்தத் தெருவில் போய்வந்திருக்கலாம். ஒரு எண்ணும் கூடியிருக்காது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே!

“மாப்ள” என்றார் மெதுவாக. “அந்த மீட்டர் எப்ப நின்னுச்சு?”

“தெரியலையே. நாம வாங்கறதுக்கு முன்னாடியே இருக்கும்.”

“எவ்வளவு முன்னாடி? அப்ப அறுபத்தொண்ணாயிரங்கிறது நெஜமாவே அறுபத்தொண்ணாயிரமா, ரெண்டு லட்சமா?”

கைதட்டல் நின்றது. மைத்துனன் பேயறைந்தவன்போல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டான். “வண்டியைத் திருப்புங்க அத்தான்” என்றான். “யாராவது பாத்துடப் போறாங்க. ஷெட்டுக்குப் போயிடலாம்.”

ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பினால் ஷெட். நேரே போனால் அணைக்கட்டுச் சாலை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது; ஐந்து ஆண்டில் மிஞ்சியது அவ்வளவுதான். அதை நினைக்க நினைக்க அவருக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே மேலோங்கியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“அத்தான், திருப்பச் சொன்னேனே!”

“அதுக்கு பஸ் இருக்கு” என்றார் எக்ஸ்ரேக்காரர். கையை வெளியே நீட்டி லாரிக்காரனைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நேரே விட்டார்.