செயலாளரின் புதுப் பல்வரிசை

வாய் மூட மறுத்தது. டோரின் உள்ளங்கையால் கணவரின் தாடையை மேலே தள்ளிப் பிடித்தாள். கையை எடுத்ததும் அது தொங்கியது. நேற்று மாலை பொருத்தி முடித்த மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் வெளியே வந்து பளீரென்று சிரித்தன. கோர்டன் ஹேக் எழுபத்தொரு வருஷத்தில் சிரித்த சிரிப்பையெல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது.

"துணி வச்சுக் கட்டணும். இறுகிப் போறதுக்குள்ள," என்றாள் அவர்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி யத்விகா.

தன் தலையில் கட்டியிருந்த சதுரத் துணியை அவிழ்த்தாள். கறுப்பில் பெரிய பெரிய சிவப்பு ரோஜா போட்டது. தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு கன்னத்தையும் அணைத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். முனைகள் இரண்டும் முயல் காதாக நிமிர்ந்து நின்றன. லிங்கன்ஷயரில் புல்தரையில் பந்து உருட்டும் கிளப் ஒன்றின் செயலாளர், இருபத்திரண்டு வருஷம் போட்டியின்றித் தேர்வானவர் (அந்தப் பதவி வேறு எவனுக்கும் வேண்டியிருக்கவில்லை என்பது தனிக் கதை), ஒரு போலந்துக் கிழவியைப் போலப் படுத்திருந்தார்.

"கட்டியும் சிரிக்கிறார்," என்றாள் டோரின்.

"பல்லு பெருசு. உதடு எட்டல."

யத்விகா ஜன்னலைத் திறந்து வைத்தாள், நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடினாள், சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினாள். சாவு வீட்டு வழக்கமான இதையெல்லாம் விருந்தினர் அறையில் தூசி தட்டும் அதே முகத்தோடு செய்தாள். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். பிணத்தை எடுக்கும் வண்டி நாலு மணிக்கு வரும். வெளியே காலையிலிருந்து மழை.

பல்தான் அவர்களைப் போலந்துக்கு இழுத்து வந்தது. ஊரில் பல் கட்ட ஆகும் செலவில் கால்வாசிதான் போலந்தில் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கோர்டனுக்குத் தூக்கம் போனது. பதினைந்து வருஷமாக உள்ளூர்ப் பத்திரிகைக்கு வாரம் தவறாமல் போலந்துக்காரர்களைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவர் அவர். பஸ் வரிசையில் உரக்கப் பேசுகிறார்கள், கால்வாய் மீனைப் பிடித்துத் தின்கிறார்கள், முட்டைக்கோஸ் வயலில் நம் பிள்ளைகளுக்கு வேலையில்லை. நம் பிள்ளை ஒருவனும் முட்டைக்கோஸ் வயல் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அது கடிதத்தில் வராது. ஆகவே கிளப்பில் போர்ச்சுகல் என்று சொல்லியாயிற்று. டோரினும் அதையே சொல்லவேண்டும் என்று உத்தரவு. சொன்னாள். போர்ச்சுகல்லில் எந்தக் கடற்கரை என்று கேட்டவர்களுக்குக் கடற்கரையின் பெயரும் சொன்னாள்.

தங்கும் வீட்டைப் பார்த்தது அவள்தான். அவளும் யத்விகாவும் லிங்கன்ஷயரில் காய்கறியைப் பெட்டியில் அடுக்கும் ஒரே கொட்டகையில் ஆறு வருஷம் எதிரெதிரே நின்று முட்டைக்கோஸ் அடுக்கியவர்கள். அந்த ஆறு வருஷமும் யத்விகா குடியிருந்தது கோர்டனின் பின்தெருவில். போலந்தில் ஸான் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த வீட்டில் ஐந்து நாள் அவள் கையால் சாப்பிட்டும் அவருக்கு ஆளைத் தெரியவில்லை. எந்த நாளும் அவள் முகத்தைப் பார்த்திருந்தால்தானே.

"பாரு டோரின், இந்தம்மாவப் பாரு," என்றார் முந்தாநாள், வெண்ணெயில் வதக்கிய கொழுக்கட்டைகளை விழுங்கியபடி. "மரியாதையான பொம்பள. சொந்த ஊர்லயே இருக்கா. இவங்கள்லாம் இப்படி இருந்துட்டா நமக்கு ஏன் வம்பு?"

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா சார்?" என்று யத்விகா கேட்டாள், அவருடைய ஊர் ஆங்கிலத்தில். அதையும் அவர் கவனிக்கவில்லை.

டோரின் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஒரு பயம் உண்டு. அதைப் பெட்டிக்குள் வைத்துத்தான் இங்கே கொண்டுவந்திருந்தாள்.

பதினொரு வருஷத்துக்கு முன் யத்விகாவின் கணவன் மிரெக் அங்கே, கோர்டனின் ஊரில், கொட்டகை லாரி பின்னால் எடுத்ததில் நசுங்கிச் செத்தான். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். அது இவர்களுடைய வழக்கம், விடமாட்டார்கள். எதிரே கிளப்பின் கூடம் காலியாகக் கிடந்தது. யத்விகா எழுதிக் கேட்டாள். செயலாளர் பதில் சொல்லச் சொல்ல, டோரின் டைப் அடித்தாள். கூடம் உள்ளூர்க் குடும்பங்களின் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே. கடைசியில் அவளாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். "பங்கு எதுக்கு? நாமளா கொன்னோம்?" என்று கோர்டன் அதை அடித்துவிட்டார். மறுபடி டைப் அடித்தாள். நாற்பது பேர் கார் நிறுத்துமிடத்தில், பனியும் மழையும் கலந்து கொட்ட, கார்களின் பானட் மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். கிளப்பின் சமையலறை ஜன்னல் தட்டியை விரலால் விலக்கி டோரின் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் கொட்டகையில் யத்விகா கடிதத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை; அதை டைப் அடித்தது யாரென்று அவளுக்குத் தெரியுமோ என்ற பயம் டோரினிடம் தங்கிவிட்டது. ஆண்டு முடிவதற்குள் ஊர் திரும்பிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் வந்தது.

இன்று காலை எட்டு மணிக்குத் தொத்திறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தபோது கோர்டன் நெஞ்சைப் பிடித்தார். முகம் களிமண் நிறமாயிற்று. யத்விகா போனை எடுத்தாள்.

"வேண்டாம்," என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஃபாரம் நிரப்புவான். இன்ஷூரன்ஸ்காரன் வீட்டுக்கு எழுதுவான். ஊருக்குத் தெரிஞ்சுடும். டோரின், வேண்டாம்னு சொல்லு."

யத்விகா டோரினைப் பார்த்தாள். "கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்ங்கிறார்," என்றாள் டோரின்.

"அவர் சொல்றது கேட்டுச்சு. நீ சொல்லு."

டோரின் சொல்லவில்லை. நாற்பது நிமிஷம். நடுவில் ஒருமுறை அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "போர்ச்சுகல்தான். யார் கேட்டாலும்," என்றார். சரி என்றாள். அவர் பிடி தளர்ந்த பிறகுதான் யத்விகா டாக்டருக்குப் போன் செய்தாள்.

பதினோரு மணிக்குள் கறுப்புக் கரை போட்ட இறப்பு அறிவிப்பு அச்சாகி வந்துவிட்டது. வீட்டு வாசல், ரொட்டிக் கடை, கோயில் கதவு என்று மூன்று இடத்தில் ஒட்டினார்கள். பெயர், வயது, ஊர். லிங்கன்ஷயரிலிருந்து வந்தவர், இங்கே காலமானார். யாருக்கும் தெரியக்கூடாது என்று செத்த மனிதரின் சாவு மழையில் நனைந்துகொண்டு தெருவெல்லாம் நின்றது.

ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் பெண்கள் வந்தார்கள். ஒன்பது பேர். ஒவ்வொருத்தியும் அந்த ஊரில் இரண்டு வருஷமோ பத்து வருஷமோ கோழி உரித்தவள், கிழங்கு கழுவியவள், கிழவர்களைக் குளிப்பாட்டியவள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபமாலை உருட்டினார்கள். ஒரு மணியும் விடவில்லை. முடிந்ததும் ஹாலினா என்கிற பருத்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"கிளப்புக்காரர்தானே இவர்? சிரிக்கிறாரே. அங்க பத்து வருஷம் இருந்தேன், ஒருநாள் இந்தப் பல்லப் பார்த்ததில்ல."

"அப்ப இந்தப் பல்லு இல்லம்மா. இது நம்மூர்ப் பல்லு," என்றாள் இன்னொருத்தி.

"அதான பார்த்தேன். நம்மூர் வேலை தெரியுது."

சிலுவை போட்டுக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில் டோரினுக்கு ஆறுதல் சொல்லி, ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். கோழிச்சாறு வாசனை மாடிவரை வந்தது.

கடைசியாக நின்ற யத்விகாவிடம் டோரின் கேட்டாள், "எல்லாருக்கும் சமைச்சிருக்கியா?"

"செத்தவர் வீட்டுல சாப்பாடு போடாம அனுப்புவாங்களா? வழக்கம்."

"யத்விகா, அந்த லெட்டர்..."

"தெரியும்."

"அவர்தான் சொல்லச் சொல்ல..."

"கவர் மேல உன் கையெழுத்து. ஆறு வருஷம் பெட்டிச் சீட்டுல உன் கையெழுத்தப் பார்த்துத்தான் அடுக்கினேன். தெரியாதா?"

"கடைசியில ஒரு வரி சேர்த்திருந்தேன். ஆறுதலா. அவர் அடிச்சுட்டார்."

யத்விகா கட்டிலைப் பார்த்தாள். ரோஜாத் துணியின் முடிச்சு சற்று நெகிழ்ந்திருந்தது. எட்டி இறுக்கினாள்.

"அடிச்சவர் இதோ படுத்திருக்கார். திரும்ப உக்காந்து டைப் பண்ணினது யாரு?"

டோரினிடம் இருந்த பதில் ஒன்றுதான்: அவர் சொன்னார். அதையும் காலையிலேயே சொல்லித் தீர்த்திருந்தாள்.

"சாப்பிட வா," என்றாள் யத்விகா. குரலில் கோபமே இல்லை.

கீழே நீள மேசையில் வெள்ளை விரிப்பு. பத்து நாற்காலி. ஒன்பதில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பத்தாவதில் யத்விகா உட்கார்ந்தாள். டோரின் வாசற்படியில் நின்றாள். யாரும் தலைதூக்கவில்லை, சாற்றை ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்னது வெளிய வச்சிருக்கேன்," என்றாள் யத்விகா. "ஆறிடப் போகுது."

முற்றத்தில் கோர்டன் வாடகைக்கு எடுத்த கார் நின்றது. அதன் பானட் மேல் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி, நல்ல பீங்கான் கிண்ணம், கரண்டி, ஒரு துண்டு ரொட்டி. துணி அதற்குள் நனைந்து காரோடு ஒட்டியிருந்தது. கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மேலங்கி மாடியில் இருந்தது. டோரின் மேலே போகவில்லை. மழையில் இறங்கி, காரருகே நின்று, கரண்டியை எடுத்தாள். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். தட்டி விலகியிருக்கவில்லை. யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

பையில் போன் அடித்தது. கிளப்பின் துணைச் செயலாளர் லெஸ்லி.

"டோரின், தொந்தரவுக்கு மன்னிக்கணும். புல்லு வெட்டுற மிஷின் ரூம் சாவிய கோர்டன் எங்க வச்சார்னு கேட்டுச் சொல்றீங்களா? அவர் போனை எடுக்க மாட்டேங்கிறார். வெயில்ல கிடக்கறார்போல."

"அவர் செத்துட்டார், லெஸ்லி. காலையில."

லெஸ்லி தொண்டையைக் கனைத்தான். "அடப் பாவமே. அங்கயா? போர்ச்சுகல்லயா?"

டோரினின் முடியிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. மாடி ஜன்னலைப் பார்த்தாள். திறந்து கிடந்தது.

"போலந்துல."

"எங்க?"

"போலந்துல. பல்லு கட்டிக்க வந்தோம்."

"பல்லா?" லெஸ்லிக்கு மூச்சு வாங்குவது கேட்டது. "சரி. சரி. கிளப் போர்டுல எழுதணுமே... ஊர் பேர போடாம விட்டுடலாமா?"

"போடுங்க."

"ம். சரி, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நம்ம கூடத்தத் தர்றோம். அவருக்கில்லாத கூடமா? சாப்பாடு பிரமாதமா செஞ்சிடுவோம்."

"வேண்டாம், லெஸ்லி. சாப்பாடு நடந்துக்கிட்டிருக்கு."

போனைப் பைக்குள் போட்டாள். ரொட்டி கஞ்சியாகிவிட்டிருந்தது, அதையும் தின்றாள். பிறகு சாற்றைக் குடித்தாள், கரண்டி கரண்டியாக, அவசரமில்லாமல். எவ்வளவு குடித்தும் கிண்ணம் குறையவில்லை. மழை நிரப்பிக்கொண்டே இருந்தது.