நர்ஸ் நீட்டிய தாள்

இரண்டு குடும்பத்திலும் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அதற்குப் புகுந்த வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை, எந்தப் படிவம் வந்தாலும் என் தலையில் கட்டுவதுதான். பிரசவத்துக்குச் சேர்ந்த அன்றும் நர்ஸ் நீட்டிய தாள்களை, வலிக்கு நடுவே, நானே நிரப்பினேன்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

"படிச்சவ நீதானே? எங்க போடணும்னு மட்டும் சொல்லு."

விரல் வைத்த இடத்தில் போட்டார். சாட்சிக்கு மாமியாரும் போட்டார்.

மதியம் இரண்டாவது மகள் பிறந்தாள். மூத்தவள் குட்டிக் கால்விரல்களை எண்ணிவிட்டு, "பத்தும் இருக்கும்மா, நாமளே வச்சுக்கலாம்" என்றாள்.

மாமியார் தொட்டிலை எட்டிப் பார்த்தார். "இதுவும் பொண்ணா? போகட்டும், அடுத்தது பையன்தான்."

"அடுத்ததா? நாளைக்குக் காலைல கருத்தடை ஆபரேஷன். நீங்கதானே சாட்சி?" என்றாள் நர்ஸ்.

"ஐயையோ, நிறுத்தும்மா!"

"அவங்க வேணாம்னு சொன்னாத்தான் நிறுத்துவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உன்னைப் படிக்க வச்சாரே உங்கப்பா, அவரைச் சொல்லணும்" என்றார் மாமியார். அப்பாவுக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு அது.

அடுத்து, பிறப்புப் பதிவுப் படிவம் வந்தது. கணவர் அதைப் பாய்ந்து பிடுங்கினார். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டி, வாய்விட்டுப் படித்து, தன் கையாலேயே எழுதினார்: பெண்.