கதிரவேல் உள்ளே இருக்கிறார்

1

ஒரு சஞ்சிகைக்காரர் என்னிடம் போர்க்காலக் கதை கேட்டார். "வாசிக்கிற ஆக்கள் அழவேணும்" என்றும் சொன்னார். அழவைக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போர்க்காலம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது தொண்ணூற்றேழாம் ஆண்டு சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் ஊர் கூடிக் கட்டிய ஒரு குட்டி வீடு. பாதி கேள்விப்பட்டது, மிச்சம் என் சேட்டை.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஊரடங்கின் மௌனத்தில் அலையோசை மட்டும்..."

(வேண்டாம். சல்லியில் ஊரடங்கு இல்லாவிட்டாலும் அலை கத்தும்.)

இரண்டாவது: "மண் என்பது மனிதனின்..."

(இதை எழுதிய கைக்கு நானே ஒரு அடி போட்டேன்.)

2

விசயம் இதுதான். சிறுவர்கள் விளையாட ஒரு வீடு வேண்டும். சீமெந்து வாங்கவும் படையினரிடம் அனுமதி எடுக்கவேண்டிய காலம். ஆகவே களிமண்ணையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்து, உருண்டை உருண்டையாக அடுக்கிச் சுவர் வைப்பதென்று முடிவாயிற்று. சிரமதானம், அதாவது கூலியில்லாமல் ஊர் கூடிச் செய்கிற வேலை. சிரமப்பட்டவர்கள் சிலர், ஆலோசனையைத் தானம் செய்தவர்கள் பலர்.

வாசலை எந்தப் பக்கம் வைப்பது?

ஓய்வுபெற்ற இலிகிதர் கனகசுந்தரம் வாஸ்து பார்ப்பவர். "தெற்கில கூடவே கூடாது. யமன்ர திசை."

கிழக்கில் கடற்படைக் காவலரண். வாசலில் நிற்கிற பிள்ளையும் சிப்பாயின் துவக்கும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேற்கில் பக்கத்து வீட்டுச் சீதேவியின் கருவாடு காய்ந்தது. "என்ர பாய்க்கு மேலால பிள்ளையள் ஓடித் திரியும். ஏலாது."

மிஞ்சியது வடக்கு. அதை மறுத்தவர் மீன்பிடிக்கிற கதிரவேல். "வாடைக்காற்று மழையோட உள்ளுக்க அடிக்கும் ஐயா. வீடு கரைஞ்சு போகும்."

3

கதைத்துக்கொண்டே மிதித்தார்கள், மிதித்துக்கொண்டே அடுக்கினார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத பக்கத்தைக் கவனமாக அடைத்தார்கள். வேறு பக்கத்தில் வேறு யாரோ வாசல் விடுவார்கள் என்ற நம்பிக்கைதான். சுவர் இடுப்பளவில் இருந்தவரை எல்லோரும் தாண்டித் தாண்டி வந்துபோனதால் வாசல் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கடைசி நாள் கூரை ஏறியது. கதிரவேல் உள்ளே நின்று தென்னங்கிடுகுகளை இறுக்கிக் கட்டினார்.*

"எல்லாம் முடிஞ்சுது. வெளியில வரட்டோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் எல்லோரும் வீட்டைச் சுற்றி நடந்தார்கள். இன்னொரு முறையும் நடந்தார்கள். எந்தச் சுவரை உடைப்பதென்று பழைய வழக்குத் திரும்பத் தொடங்கியது.

* கூரையைப் பிரிக்கலாமே என்பீர்கள். அது கரையில் வள்ளத்தைக் கட்டிவைக்கிற மீனவர் போட்ட முடிச்சு. இருட்டில் அவருக்கே அவிழவில்லை. மேலே ஏறி வெட்டினால் கூரையோடு அவர் தலையில்தான் விழவேண்டும்.

4

ஆறு மணிக்கு ஊரடங்கு. பொழுது சாய்ந்துவிட்டது. காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் துவக்கோடு வந்தான். வீட்டைப் பார்த்தான். வீடு இருமியது.

"தொர கோ?" என்றான். கதவு எங்கே என்று கேட்கிறான். கனகசுந்தரத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பதில்தான் தெரியவில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பயம் வருகிறது. காவலரணுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்ததாகப் பிடிபட்ட ஆண்கள் பலர் அந்த வருடங்களில் வீடு திரும்பவில்லை. "சிப்பாய் துவக்கை உயர்த்தி" என்று ஒரு முடிவு எழுதத் தொடங்கி, வெட்டிவிட்டேன். இன்னொரு முடிவில் அவன் சிரித்துக்கொண்டு மண்வெட்டி எடுத்து உதவினான். அதையும் வெட்டினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

5

நான் எழுதி எழுதி வெட்டுவதைக் கதிரவேலின் மனைவி கோணேஸ்வரி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுவரில் வாயை வைத்துக் கத்தினார்.

"இஞ்சேருங்கோ! உள்ளுக்க கிழக்கு மேற்குத் தெரியுதோ?"

"ஒரு கோதாரியும் தெரியேல்ல. கும்மிருட்டு."

"நல்லதாப் போச்சு. ஒருத்தரையும் கேக்காம உதையுங்கோ!"

கனகசுந்தரம் தெற்குச் சுவருக்கு ஓடினார். சீதேவி மேற்கே ஓடிக் கருவாட்டுப் பாயைச் சுருட்டினார். சிப்பாய் கிழக்கே நாலடி பின்வாங்கினான். வடக்கில் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்தான் உள்ளே இருக்கிறாரே.

முதல் உதை விழுந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் வாஸ்துவுக்கும் கடற்படைக்கும் கருவாட்டுக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும். வடக்கு வெறுமையாகக் கிடப்பதால் உங்களை அங்கே நிறுத்தியிருக்கிறேன். சுவர் இன்னும் ஈரம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். எந்தப் பக்கத்தால் கால் வந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்து இழுங்கள். கோணேஸ்வரி தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது.